வியாழனின் நிலாக்கள் முக்கோணமாகத் தெரிகின்றன, உதவி வேண்டும்

மன்னார்குடி பக்கம் கிராமம். என்னிடம் இருப்பது 130 மி.மீ. நியூட்டோனியன் (குழிவான கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கி), குவியத் தூரம் 650 மி.மீ. நவம்பர் வரை கொல்லையில் வைத்துப் பார்த்தால் வியாழனின் நான்கு பெரிய நிலாக்களும் ஊசிமுனையாக நிற்கும். அவ்வளவு அழகு!

டிசம்பரில் பனிக்கறை படிந்ததால் முதன்மைக் கண்ணாடியைக் கழற்றிக் கழுவினேன். அதற்கப்புறம்தான் இப்படி. அந்த நிலாக்களில் பெரியதான கானிமீடுகூட மூன்று முனையாக இழுபடுகிறது, வியாழனின் பட்டைகள் கரைந்துவிட்டன. குவியம் விலக்கினால் விண்மீன் வட்டமாக விரியாமல் முக்கோணமாகிறது.

ஒரு மணி நேரம் வெளியே ஆறவைத்தேன். இரண்டு முறை கொலிமேஷன் (கண்ணாடிகளை ஒரே நேர்கோட்டுக்குச் சீரமைப்பது) செய்தேன். உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸைக் கழற்றி 65 மடங்கிலும் பார்த்தேன். ஜனவரி 10, எதிர்நிலையன்று (வானில் சூரியனுக்கு நேர் எதிரே வியாழன் வரும் நாள்) நள்ளிரவில் வியாழன் கிட்டத்தட்ட உச்சியில் இருந்தது, அன்றும் இதே நிலைதான்.

கண்ணாடியைப் பிடிக்கும் மூன்று கிளிப்புகளை இறுக்கியது காரணமென்றால், கண்ணாடி நகராமல் எந்த அளவுக்குத் தளர்த்தலாம்?