பேங்க் வட்டியில் 10% வெட்டு: சம்பளம், ரியூசன், டொலர் எல்லாம் சேர்த்தால் எங்களுக்கு வரி வருமா?

கல்லடி ரீச்சர் கேட்டது:

2025 ஏப்ரல் 1 முதல் 2026 மார்ச் 31 வரையான வருடத்துக்குத்தான் கேட்கிறேன். வீட்டுக் கணக்கு இதுதான்.

நான் அரச பாடசாலை ஆசிரியை. கொடுப்பனவுகளோடு மாதம் 78,000 ரூபாய். சனி, ஞாயிறு வீட்டில் ரியூசன், மாதம் 65,000 அளவில், வருடத்தில் 11 மாதம். கணவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு கிராபிக் டிசைன் செய்கிறார். சராசரியாக மாதம் 330,000 ரூபாய் பேங்குக்கு வருகிறது. இருவர் பெயரிலும் 30 இலட்சம் நிலையான வைப்பு, 8% வட்டி. முன்பு வட்டியில் 5% வெட்டினார்கள், இப்போது 10%.

மாதம் 150,000 வரை வரி இல்லை என்கிறார்கள். என் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டுவதில்லை. ரியூசன் காசுக்கும் தனியாக 150,000 வரை சலுகை உண்டா? பேங்க் வெட்டியதோடு வட்டிக்கான வரி முடிந்ததா? கணவர் இதுவரை எதுவும் கட்டவில்லை. டொலர் வருமானத்துக்கு வரி இல்லை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

பாலமீன்மடு மறுமொழி:

டின் நம்பர் எடுத்தீங்களோ, மாட்டுப்பட்டீங்க. சும்மா இருக்கிறதுதான் நல்லம்.

கணக்குப்புள்ள மறுமொழி:

பாலமீன்மடு தம்பி, டின் என்பது வரி செலுத்துவோருக்கான ஒரு பதிவு இலக்கம். அதை எடுத்தவுடன் வரி விழாது, எடுக்காமல் விட்டால் வரி போகவும் போகாது. இங்கே ரீச்சருக்குக் காசு திரும்பி வர வேண்டியிருக்கு. டின் இல்லாவிட்டால் அதை எந்த வழியில் கேட்பது?

ரீச்சர், முதல் கேள்விக்குப் பதில்: 150,000 என்பது வருமானத்துக்கு ஒவ்வொன்று அல்ல, ஆளுக்கு ஒன்று. வருடத்துக்கு 18 இலட்சம். சம்பளம், ரியூசன், வட்டி, வாடகை, வயல் குத்தகை எல்லாம் ஒரே கடகத்தில் போட்டுத்தான் அளப்பார்கள். சம்பளத்தில் வெட்டாததற்குக் காரணம், சம்பளம் போடுகிறவருக்கு உங்கள் சம்பளம் மட்டுமே தெரியும். ரியூசனும் வட்டியும் அவர் கண்ணில் படாது.

உங்கள் கணக்கு: சம்பளம் 78,000 × 12 = 936,000. ரியூசன் 65,000 × 11 = 715,000. வைப்பின் வருட வட்டி 240,000, கூட்டுக் கணக்கு என்பதால் அவரவர் பங்குப்படி பிரியும். பங்கு இன்னதென்று காட்ட முடியாவிட்டால் பாதி பாதி. ஆக உங்களுக்கு 120,000. மொத்தம் 1,771,000. எல்லைக்கு 29,000 உள்ளே இருக்கிறீர்கள். முழு வட்டியையும் உங்கள் பெயரில் எழுதிவிட்டால் 1,891,000 ஆகி, கூடுதலான 91,000 க்கு 6% படி 5,460 ரூபாய் வரி வந்து நிற்கும். பலர் வழுக்குகிற இடம் இதுதான்.

பழைய விதி, அதாவது 12 இலட்சம் எல்லை இருந்திருந்தால் இதே வருமானத்துக்கு 38,520 கட்டியிருப்பீர்கள். எல்லையை உயர்த்தியதும் 6% படியை 5 இலட்சத்திலிருந்து 10 இலட்சமாக அகட்டியதும் வட்டி வெட்டை 10% ஆக்கியதும் ஒரே நாளில், 2025 ஏப்ரல் 1 இல் நடைமுறைக்கு வந்தவை. ஒரு கையால் தந்து மறு கையால் எடுத்த மாதிரி தெரியும். ஆனால் எடுத்ததைத் திரும்பக் கேட்கலாம்.

அம்பாறை வயல் மறுமொழி:

கணக்குப்புள்ள அண்ணன் சொன்னதில் ஒன்று சேர்க்கணும். அரச ஊழியர் சம்பள உயர்வு கட்டம் கட்டமாகத்தான் வந்தது. அடுத்த கட்டம் 2026 ஜனவரி. அதனால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச் மூன்று மாதமும் கூடின சம்பளத்தைத்தான் போடணும். சம்பளச் சிட்டையில் கையில் வந்த தொகையைப் பார்க்காதீங்க ரீச்சர், மொத்தத் தொகையைப் பாருங்க. வாழ்க்கைச் செலவுப் படி 17,800 உம் உள்ளே. இடர் கடன் வெட்டு, சங்கச் சந்தா கழித்த பிறகு மிஞ்சுவதைப் போட்டால் கணக்குப் பிழைக்கும்.

மாறாக ரியூசனுக்கு ஆன செலவைக் கழிக்கலாம். போட்டோக்கொப்பி, மாக்கர், வாடகைக்கு எடுத்த மண்டபம், கதிரை. வீட்டுச் சாமான் வாங்கின பில்லை இதற்குள் சொருக வேண்டாம்.

கல்லடி ரீச்சர்:

78,000 டிசம்பர் வரைதான், உண்மை. பிறகு 6,000 அளவில் கூடியது. போட்டோக்கொப்பிக்கு மாதம் 3,000 போகும்.

கணக்குப்புள்ள:

அப்படியென்றால் 18,000 கூடும், 33,000 குறையும். 1,756,000. 2025/26 க்கு உங்களுக்கு வரி இல்லை. பில்லுகளை ஐந்து வருடத்துக்குப் பத்திரமாக வையுங்கள்.

ஒந்தாச்சிமடக் கரை மறுமொழி:

வரி இல்லை என்றால் சுய பிரகடனப் படிவம் கொடுத்திருக்கலாமே அக்கா? வருட வருமானம் 18 இலட்சத்துக்கு மேல் போகாதவர்கள் அதை பேங்கில் கொடுத்தால் 10% வெட்ட மாட்டார்கள். இனியாவது கொடுங்க. எப்.டி.யை (நிலையான வைப்பை) இரண்டாகப் பிரித்து 15 இலட்சம் உங்கள் தனிப் பெயரில் போட்டால் இன்னும் சுகம்.

கணக்குப்புள்ள:

இரண்டு இடத்தில் இடிக்கும் தங்கச்சி. ஒன்று, இது கூட்டுக் கணக்கு. கணவரின் வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டியது. அவர் அந்தப் படிவத்தில் கையெழுத்து வைத்தால் பொய்ப் பிரகடனம். இரண்டு, வைப்பைப் பிரித்தாலும் இந்த வருடம், அதாவது 2026/27 க்கு ரீச்சர் கையெழுத்து வைக்கக் கூடாது. 84,000 × 12 = 1,008,000, அதோடு 715,000, வட்டி 120,000, செலவு 33,000 போக 1,810,000. எல்லையை 10,000 தாண்டியாச்சு. 2027 ஜனவரியில் மூன்றாம் கட்ட உயர்வும் சேரும். வரி என்னவோ சில நூறு ரூபாய்தான், ஆனால் பிரகடனம் பிழையாகிவிடும்.

ஆகையால் பேங்க் வெட்டட்டும். வட்டி 240,000 க்கு வெட்டியது 24,000. அதில் 12,000 ரீச்சருடையது, 12,000 கணவருடையது. பேங்க் வெட்டுவது இறுதி வரி அல்ல, முற்பணம் மாதிரி. ரீச்சர் 2025/26 வருமான வரி விபரத்திரட்டைக் கொடுத்து 12,000 ஐ மீளக் கேட்கலாம். கணவர் தன் 12,000 ஐக் கட்ட வேண்டிய வரியில் கழிப்பார்.

இதற்கு பேங்கில் வரி வெட்டிய சான்றிதழ் எடுக்க வேண்டும். எடுக்கும்போது இருவரின் டின் இலக்கமும் பேங்கில் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அவர்கள் அனுப்பும் தகவலும் உங்கள் விபரத்திரட்டும் பொருந்தாமல் மீளளிப்பு இழுபடும்.

காரைதீவு மணல்:

இடையில் கேட்கிறேன், மன்னிக்கணும். ஓய்வு பெற்றவர்களுக்கு? அப்பாவுக்கு அரச ஓய்வூதியமும் 1 கோடி எப்.டி.யும் மட்டும்தான், அதுவும் 8% தான்.

கணக்குப்புள்ள:

அந்தப் படிவம் உங்கள் அப்பா போன்றவர்களுக்குத்தான். அரச ஓய்வூதியம் வரிக்கு விலக்கு, கணக்கில் சேராது. வட்டி 8 இலட்சம் மட்டும். எல்லைக்குப் பாதியும் இல்லை. படிவம் கொடுக்காவிட்டால் வருடத்துக்கு 80,000 வெட்டுப்படும். வைப்பு இருக்கிற ஒவ்வொரு பேங்குக்கும் தனித்தனியாக, ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிதாகக் கொடுக்க வேண்டும். போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. பிந்திக் கொடுத்தால் அதுவரை வெட்டியதை விபரத்திரட்டு வழியாகத்தான் எடுக்கலாம்.

அம்பாறை வயல்:

இனி ரீச்சரின் கணவர் விஷயம். டொலர் வருமானத்துக்கு வரி இல்லை என்பது 2025 மார்ச் 31 வரை சரி. ஏப்ரல் 1 இலிருந்து வரி உண்டு, ஆனால் உச்சம் 15%. அந்த உச்ச எல்லை கிடைக்க, சேவை வெளிநாட்டில் உள்ளவருக்கு, வெளிநாட்டில் பயன்படுவதற்கு இருக்கணும். காசு வெளிநாட்டு நாணயத்தில் பேங்க் வழியாக இலங்கைக்குள் வரணும். டொலரை வெளியே வைத்துக்கொண்டு உண்டியலில் ரூபாய் எடுத்தால் 15% சலுகை போச்சு, சாதாரண படிகளில் 36% வரை ஏறும். கொழும்புக் கம்பனிக்கு வேலை செய்து ரூபாயில் வாங்கியதும் சாதாரண படிதான்.

வரவு 330,000 × 12 = 3,960,000. செலவு: இன்டர்நெட், மென்பொருள் சந்தா, மின்சாரத்தில் வேலைக்கான பங்கு. 3 இலட்சத்துக்கு வாங்கிய லப்டொப்பை ஒரே வருடத்தில் கழிக்க முடியாது, ஐந்து வருடத்துக்கு 60,000 படி. எல்லாம் சேர்ந்து 160,000 என்று வைத்தால் மிச்சம் 3,800,000. அதில் 18 இலட்சம் போக 20 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6% = 60,000. மற்ற 10 இலட்சத்துக்கு 15% = 150,000. மொத்தம் 210,000.

ஒரு கண்ணி: இணையத் தளம் தன் கமிஷனை எடுத்த பிறகு வந்த தொகைதான் இந்த 330,000 என்றால், கமிஷனைச் செலவாக மறுபடி எழுதாதீங்க. ஒரே செலவு இரண்டு தரம் கழிபட்டுவிடும். வட்டியில் அவர் பங்கு 120,000 உம் இதே விபரத்திரட்டில் வரும், அதற்கு 15% உச்ச எல்லை கிடையாது.

வீட்டுக் கூரையில் சோலர் போட்டு மின் கட்டமைப்போடு இணைத்திருந்தால், அந்தச் செலவில் வருடத்துக்கு 600,000 வரை கழிக்கலாம். கடன் எடுத்துப் போட்டவர்கள் பேங்குக்குக் கட்டிய தவணையைக் காட்டலாம்.

கல்லடி ரீச்சர்:

சோலர் இல்லை. 210,000 ஐ ஒரேயடியாகக் கட்டலாமா? எங்கே தொடங்குவது?

கணக்குப்புள்ள:

நான்கு தவணை: ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15. ஒன்றுக்கு 52,500 படி. குறை நிறை ஏதும் இருந்தால் செப்டம்பர் 30 க்குள் தீர்க்கணும். விபரத்திரட்டு நவம்பர் 30 க்குள். தவணைகள் தவறிவிட்டதால் தண்டப்பணமும் வட்டியும் சேரும். அது மாதத்துக்கு மாதம் ஏறுவது, செப்டம்பரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

முதலில் கணவருக்கு டின். இறைவரித் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டையைக் கொடுத்துப் பதியலாம். மறுகா இ-சேவைக்கான இரகசிய (PIN) இலக்கம். அதன் பிறகுதான் பணம் கட்டுவது. கட்டும்போது வரி வகையையும் காலக் குறியீட்டையும் இரண்டு தரம் பாருங்கள். அது பிழைத்தால் காசு வேறு தவணையில் போய் உட்கார்ந்து, கட்டிய பிறகும் கட்டவில்லை என்று கடிதம் வரும். சந்தேகம் என்றால் 1944 க்கு அழைத்துக் குறியீட்டைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஒந்தாச்சிமடக் கரை:

வீட்டில் கேக் செய்து விற்கிறவர்கள் வற் (பெறுமதி சேர் வரி) பதியணுமா? 18% என்று பயமுறுத்துகிறார்கள்.

அம்பாறை வயல்:

வற் பதிவு எல்லை 2025 இல் வருடத்துக்கு 6 கோடி ரூபாய் விற்பனையாக இருந்தது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3 கோடி 60 இலட்சமாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். அதுவும் மாதம் 30 இலட்சம். வீட்டுக் கேக் அங்கே எட்டாது. ஆனால் பட்டர், சொக்லேட் வாங்கும் விலைக்குள் இருக்கிற வற்றைப் பதியாதவர் மீளப் பெற முடியாது, அதையும் சேர்த்துத்தான் கேக்கின் விலையைப் போடணும். பில்லில் 18% தனியாக எழுதி வாங்கவும் கூடாது, பதிந்தவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை. கேக்கில் மிஞ்சும் இலாபம் அவரவர் 18 இலட்சக் கணக்கில் சேரும்.

கல்லடி ரீச்சர்:

விளங்கிச்சு. பேங்கில் பார்த்தேன், கணவரின் டின் மட்டுமல்ல, என்னுடையதும் பதியப்படவில்லை. திங்கட்கிழமை இருவரும் கிளைக்குப் போகிறோம்.

கணக்குப்புள்ள:

போகும்போது வைப்புச் சான்றிதழையும் இருவரின் அடையாள அட்டையையும் கொண்டு போங்க. சான்றிதழை 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரை முழு வருடத்துக்கும் கேளுங்க. சில வைப்புக்கு வட்டி மாதா மாதம் வராமல் முதிர்வில் மட்டும் வரும். அப்படியென்றால் அது எந்தத் திகதியில் வரவு வைக்கப்பட்டது என்றும் அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்க.