தேங்காய் எண்ணெய்: கிலோ 420, லிட்டர் 395. எது லாபம்?

திருவட்டார் அடுப்பு (கேள்வி):

வீட்டிலேயே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் போட்டு நான்கைந்து பேக்கரிகளுக்குக் கொடுக்கிறேன். வாரத்துக்குப் பதினைந்து கிலோ தேங்காய் எண்ணெய் ஆகும். பக்கத்து மில்லில் எடைக்குத்தான் தருவார்கள், கிலோ 420 ரூபாய். போன வாரம் மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் லிட்டர் 395 என்றார்கள். 25 ரூபாய் மிச்சம் என்று 15 லிட்டர் கேன் எடுத்து வந்தேன். வழக்கமான அளவுக்குத்தான் காய் சீவினேன், சனிக்கிழமைக்குள் எண்ணெய் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் கலப்படம் என்கிறார். ஒருவரைக் குறை சொல்லுமுன் என் கணக்கு சரியா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

அப்புறம் இன்னொன்று. இந்த வாரம் காய் கிலோ 40 ரூபாய் விலையில் 10 கிலோ, கிலோ 48 ரூபாய் விலையில் 30 கிலோ வாங்கினேன். சராசரி 44 என்று நோட்டில் எழுதினேன். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் தப்பு என்கிறாள். ஏன் என்று அவளுக்கும் சொல்ல வரவில்லை.

செக்கடி:

அக்கா, கலப்படம் வரைக்கும் போக வேண்டாம். நான் பன்னிரண்டு வருடமாக மில்லில் நிற்கிறேன், இந்தக் குழப்பத்தோடு வருகிறவர்கள் நிறையப் பேர். லிட்டர் என்பது இடத்தின் அளவு, கிலோ என்பது எடை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ இருக்கும். எண்ணெய் அதில் மிதக்கிறதே, அப்படியானால் எடை குறைவுதானே. நம் ஊர் வெப்பத்தில் ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய் சுமார் 920 கிராம்தான் வரும். உங்கள் கேனில் இருந்தது 13 கிலோ 800 கிராம். அதற்கு 5,925 ரூபாய் கொடுத்திருக்கிறீர்கள். அதே எடை மில்லில் 5,796 ரூபாய். கடை விலையைக் கிலோவுக்கு மாற்றினால் ஏறக்குறைய 429.

மார்கழி விடியலில் எண்ணெய் உறையும்போது மட்டம் கொஞ்சம் இறங்கும், எடை மாறாது. அதனால்தான் நாங்கள் தராசை விடுவதில்லை. தேனில் இது தலைகீழ்: ஒரு லிட்டர் 1.4 கிலோ வரும். தேன் வாங்கும்போதும் விலை எதற்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு டீச்சர், தக்கலை:

மகள் சொன்னது சரி, அவளை நான் பாராட்டியதாகச் சொல்லுங்கள். 10 கிலோவுக்கு 400, 30 கிலோவுக்கு 1,440. மொத்தம் 1,840 ரூபாய், 40 கிலோ. வகுத்தால் கிலோ 46. விலை கூடுதலான காய்தான் அதிகம் வாங்கியிருக்கிறீர்கள், அதனால் சராசரி அந்தப் பக்கம் சாயும். மொத்த ரூபாயை மொத்தக் கிலோவால் வகுக்க வேண்டும். இரண்டு விலையையும் கூட்டிப் பாதியாக்கினால், இரண்டும் சம எடை வாங்கியபோது மட்டும்தான் சரிவரும்.

வகுப்பில் இதை ஸ்கூட்டரை வைத்துச் சொல்வேன். 20 கிலோமீட்டர் தூரத்துக்கு மணிக்கு 40 வேகத்தில் போகிறீர்கள், திரும்பும்போது மழை, 20 வேகம். சராசரி 30 என்று எல்லாப் பிள்ளைகளும் கை தூக்கும். போக அரை மணி, வர ஒரு மணி. 40 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம்: சராசரி 27 கூட வராது.

குலசேகரம் பால்வெட்டு:

டீச்சர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். எதால் வகுக்கிறோம் என்பதில்தான் காசு இருக்கிறது. எனக்கு ஒன்றரை ஏக்கர் ரப்பர். ஆரம்பத்தில் வாளி நிறைந்தால் சந்தோஷப்படுவேன். மழைக்குப் பிறகு 24 கிலோ பால், வெயில் நாளில் 20 கிலோ. மழை நல்லது என்றுதான் நினைத்தேன். பால் எடுக்கிற இடத்தில் டி.ஆர்.சி. பார்த்துத்தான் காசு போடுவார்கள், அதாவது நூறு கிலோ பாலில் எத்தனை கிலோ உலர்ந்த ரப்பர் என்று. பாலைக் கொஞ்சம் நிறுத்து, ஆசிட் விட்டு உறையவைத்து, அழுத்திக் காயவைத்து, மறுபடி நிறுப்பார்கள். வெயில் நாள் பாலுக்கு 38 வந்தது: 20 கிலோவில் 7.6 கிலோ ரப்பர். மழை நாள் பாலுக்கு 30: 24 கிலோவில் 7.2 தான். நான்கு கிலோ கூடுதலாகச் சுமந்தும் ரப்பர் குறைவு. அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் நானே ஒரு சின்னப் பாத்திரத்தில் உறையவைத்துப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

உங்கள் காயும் அப்படித்தான், அக்கா. தோலையும் சேர்த்துத்தானே நிறுக்கிறார்கள், எண்ணெயில் போடுவது சதையை மட்டும். காய் விலையைத் தோல் உரித்த எடையால் வகுத்துப் பாருங்கள்.

திருவட்டார் அடுப்பு:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கடையில் இன்னொரு கேன் சொல்லி வைத்திருந்தேன், எடுத்து வந்து காலி கேனின் எடை கழித்து நிறுத்தேன். 13 கிலோ 800 தான். வீட்டுக்காரரைப் பக்கத்தில் நிறுத்திவைத்தே காட்டினேன்.

குலசேகரம் அண்ணன் சொன்னதையும் நேற்றே செய்துவிட்டேன். 40 ரூபாய்க் காய் பத்துக் கிலோ உரித்தேன், சதை ஐந்தரைக் கிலோ. விளைச்சல் பத்தாத மெலிந்த காய். இன்னொருவரிடம் 46 ரூபாய்க்குத் திரண்ட காய் பத்துக் கிலோ, சதை ஆறரைக் கிலோ. முதலாவது சதைக் கிலோவுக்கு 73 ரூபாய் வருகிறது, இரண்டாவது 71. மூன்று வருடமாக 40 ரூபாய்க் காயைத் தேடி வடசேரிச் சந்தை வரைக்கும் பஸ் ஏறியிருக்கிறேன்.

இனி எண்ணெய்க்கு மில்தான். மகள் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறாள், தலைப்பு "உரித்த கிலோ".

டீச்சரிடம் ஒரு கேள்வி பாக்கி. ஒரு கிலோ சிப்ஸுக்கு எவ்வளவு எண்ணெய் போகிறது என்று தெரிய, பொரிக்கும் முன்னும் பின்னும் சட்டியோடு நிறுத்தால் போதுமா? நடுவில் எண்ணெய் ஊற்றினால் அதையும் தனியாக எழுதிவைக்க வேண்டும், இல்லையா?