புதுப்பிப்பு: ஜப்பான் காரோடு வந்த நெவிகேஷன் மட்டக்களப்பில் உதவுமா?

ரீகண்டிஷன் காரில் (ஜப்பானில் பாவித்து இங்கே இறக்கிய கார்) இருக்கும் நெவிகேஷனை இங்கே பாவிக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். விடை: சரிவராது. அதில் இருப்பது ஜப்பான் வரைபடம் மட்டும். மொழியை மாற்றினாலும் இலங்கை வராது.

பழைய கார்மின் (Garmin) வழிகாட்டிக் கருவி கையில் இருந்தால் வீசிவிடாதீங்க. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச வரைபடத்தின் இலங்கைப் பகுதியைக் கார்மின் வடிவத்தில் இறக்கி, எஃப்ஏடி32 (FAT32) என்ற முறையில் ஃபோர்மட் செய்த மைக்ரோ எஸ்டி கார்டில் Garmin என்றே பெயரிட்ட ஃபோல்டருக்குள் போடுங்க. கோப்பின் பெயரைத் தொடவேண்டாம், பழைய மாடல்கள் பிறகு அதைக் கண்டுபிடிக்காது.

வரைபடம் புதுசா என்று பார்க்க மட்டக்களப்பின் கல்லடியைப் பெரிதாக்குங்க: லேடி மானிங் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் திறந்த புதுப்பாலமும் தெரியவேணும். ஒன்றுதான் தெரிந்தால் அது பழசு.

கண்டிக்குப் போகையில் 'தூரம் குறைந்த பாதை' என்று வைத்தால் மஹியங்கனையின் பதினெட்டு வளைவு மலைப்பாதையில் ஏற்றிவிடக்கூடும். இரவில் அது வேண்டாத வேலை; வேறு வழியால் போக ஹபரணையை இடைநிறுத்தமாகச் சேர்த்துவிடுங்க.