அவசரம்: சிங்கப்பூர் பூகிஸ் ரயில் ஸ்டேஷன்ல கேட் திறக்கல, வெளிய போக முடியல

குமரேசன்_துபாய்
சாங்கி ஏர்போர்ட்ல ஏறினப்ப பிரச்சனை இல்ல. பூகிஸ்ல இறங்கினா கேட் திறக்கல. மூணு தடவ வச்சுப் பாத்துட்டேன், சிவப்பு விளக்குதான் வருது. அம்மாவும் வீட்டுக்காரியும் வெளிய போயிட்டாங்க, நான் மட்டும் உள்ள மாட்டிக்கிட்டேன். கார்டுல பணம் இருக்கு. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

திருச்சி_பாலா
இன்டர்நேஷனல் யூசேஜ் ஆஃப்ல இருக்கும் ப்ரோ. நம்ம ஊர் கார்டுன்னா பேங்க் ஆப்ல வெளிநாட்டுப் பயன்பாடு தனி, கான்டாக்ட்லெஸ் தனி. ரெண்டையும் ஆன் பண்ணணும். 2020ல ரிசர்வ் பேங்க் கொண்டுவந்த விதி. ஆப் திறந்து ஆன் பண்ணிட்டு மறுபடி வைங்க.

தேக்காவாசி
என்ன கார்டு? ஈஸி-லிங்க்கா (பஸ், ரயிலுக்குன்னே பணம் போட்டு வச்சுக்கிற கார்டு), பேங்க் கார்டா? மூணு பேருக்கும் தனித்தனிக் கார்டா, இல்ல ஒன்னுதானா? கேட்ல சிவப்போட ஏதாவது வாசகம் வருதா? இது தெரியாம ஒன்னும் சொல்ல முடியாது.

மலர்விழி_ஜொகூர்
பர்ஸோட சேர்த்து வைக்கிறீங்களா? பர்ஸ்ல ரெண்டு மூணு டேப் கார்டு இருந்தா கேட் எதைப் படிக்கும்னு சொல்ல முடியாது. ஏறும்போது ஒன்னு, இறங்கும்போது வேறொன்னு படிச்சிருக்கும். கார்டை வெளிய எடுத்து தனியா வைங்க.

பழைய_பயணி
தம்பி, "கார்டு"ன்னு மொட்டையா எழுதினா யார் என்ன சொல்வாங்க? இதே கேள்வி இங்க எத்தனையோ முறை வந்தாச்சு, மேல ஒட்டி வச்ச பதிவை ஒரு தடவை படிச்சிருந்தா போதும். வெளிநாடு கிளம்புற முன்னாடி பத்து நிமிஷம் ஒதுக்கிப் படிக்கிற பழக்கம் நம்மாளுகளுக்கு வரவே மாட்டேங்குது. கேட்டுக்குப் பக்கத்துலயே கண்ணாடி போட்ட பயணியர் சேவைக் கவுன்ட்டர் இருக்கு. அங்க கேளுங்க.

குமரேசன்_துபாய்
கவுன்ட்டர்ல வரிசை நிக்குது. துபாய் பேங்க் மாஸ்டர் கார்டு. மூணு பேருக்கும் தனித்தனி, அம்மாவுக்கு ஏர்போர்ட்ல ஈஸி-லிங்க் வாங்கினோம். ஏறும்போது போன்லயே தட்டினேன், அதுல இருக்கிறதும் இதே கார்டுதான். போன் சார்ஜ் செத்துப்போச்சு, அதனால இப்ப பிளாஸ்டிக் கார்டை வைக்கிறேன். இது வீட்டுக்காரி போன், கம்பி மேல கைமாத்தி வாங்கி எழுதுறேன்.

தேக்காவாசி
காரணம் அதுதான். பேங்க் கணக்கு ஒன்னுதான், ஆனா கேட்டுக்கு அது ரெண்டு கார்டு. போன்ல கார்டைச் சேர்க்கும்போது அதுக்குன்னு வேற ஒரு எண் உருவாகுது, கேட் அந்த எண்ணைத்தான் படிக்கும். சாங்கில உள்ள வந்தது போனோட எண். பிளாஸ்டிக் கார்டு உள்ளயே வரல, அதை எப்படி வெளிய விடும்?

பிளாஸ்டிக் கார்டை இனிமே கேட்ல வைக்காதீங்க. உங்களுக்கு ரெண்டு வழி.

முதல் வழி, பவர் பேங்க். யார்கிட்டயாவது வாங்கி போனை உயிர்ப்பிச்சு, அதே கார்டை அதே போன்ல காட்டி வெளிய போங்க. சரியான கட்டணம் மட்டும் போகும்.

சார்ஜ் கிடைக்கலன்னா கவுன்ட்டர்ல "சாங்கில போனால உள்ள வந்தேன், போன் அணைஞ்சுபோச்சு"ன்னு சொல்லுங்க. ஓரக் கதவைத் திறந்து விடுவாங்க. ஆனா போன் கணக்குல இறங்கின பதிவு இல்லாம பயணம் பாதியில நிக்கும், அதுக்கு அதிகபட்சக் கட்டணம் பிடிப்பாங்க. அப்புறமா பயணக் கணக்கு காட்டுற சிம்ப்ளிகோ ஆப்ல போனோட கார்டைச் சேர்த்து, அந்தப் பயணத்தை எடுத்துக் காட்டித் திரும்பக் கேக்கலாம்.

திருச்சி_பாலா
எதுக்கும் இன்டர்நேஷனல் யூசேஜையும் ஒரு தடவ பாத்துக்கோங்க ப்ரோ.

தேக்காவாசி
துபாய்க் கார்டுக்கு அந்த விதியே இல்லை பாலா.

மலர்விழி_ஜொகூர்
பஸ்லயும் இதே கதைதான் அண்ணா. ஏறும்போது எதைத் தட்டினீங்களோ இறங்கும்போதும் அதையே தட்டணும். பஸ்ல கேட் கிடையாது, மறந்தா யாரும் நிறுத்த மாட்டாங்க. அந்த பஸ் கடைசி நிறுத்தம் வரைக்கும் போனதாக் கணக்குப் போட்டுக் காசு போயிடும். ஒரு பஸ்ல இருந்து வேற நம்பர் பஸ்ஸுக்கோ ரயிலுக்கோ 45 நிமிஷத்துக்குள்ள அதே கார்டுல மாறினா ஒரே பயணம்னு தூரக்கணக்குல சேரும். கார்டு மாறினா அந்தச் சலுகையும் போச்சு.

வெளிநாட்டு பேங்க் கார்டுக்கு ஒரு நாளைக்கு 60 காசு (சிங்கப்பூர் சென்ட்) நிர்வாகக் கட்டணம் தனி. போன்ல ஒரு தடவை, பிளாஸ்டிக்ல ஒரு தடவைன்னு மாத்தி மாத்தித் தட்டினா ரெண்டுக்கும் விழ வாய்ப்பிருக்கு. காலையில எதைக் கையில எடுக்கிறீங்களோ ராத்திரி வரை அதுதான்னு வச்சுக்கோங்க.

குமரேசன்_துபாய்
ஒரு காலேஜ் பையன் பவர் பேங்க் தந்தான், சார்ஜ் ஏறுது. அம்மா திருச்சிக்காரங்க. நாளைக்கு லிட்டில் இந்தியா, அப்புறம் சென்டோசா தீவு போகலாம்னு இருக்கோம். வேற எங்க போகலாம்?

திருச்சி_பாலா
அம்மா திருச்சிக்காரங்கன்னா லிட்டில் இந்தியாவுல என்ன இருக்கு பாக்க? பூக்கடை, நகைக்கடை, சைவ ஓட்டல். இதெல்லாம் நம்ம பெரிய கடைவீதியிலயே இருக்கு. மாரியம்மன் கோயில மட்டும் கும்பிட்டுட்டு நேரா சென்டோசா போயிடுங்க.

தேக்காவாசி
மாரியம்மன் கோயில் லிட்டில் இந்தியாவுலயே இல்ல. சைனாடவுன்ல சவுத் பிரிட்ஜ் ரோட்டுல இருக்கு. 1827ல நாராயண பிள்ளை தொடங்கினது, சிங்கப்பூர்லயே பழைய இந்துக் கோயில். சிராங்கூன் ரோட்டுல இருக்கிறது வீரமாகாளியம்மன். வர்றவங்க பாதிப் பேர் இது ரெண்டையும் குழப்பிக்கிட்டு வெயில்ல அலையிறாங்க.

"நம்ம ஊர்லயே இருக்கு"ன்னு தள்ளிவிடுறதை என்னால ஏத்துக்க முடியாது. தெலுக் ஆயர் தெருவுல நடந்து பாருங்க. ஒரு காலத்துல கடற்கரை அந்தத் தெருவோரம்தான், கடலைத் தூர்த்ததால இப்ப உள்ள தள்ளிக் கிடக்கு. சோழமண்டலக் கரையில இருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் 1828–1830ல கட்டின நாகூர் தர்கா அங்க இருக்கு. நாகூர்ல இருக்கிறதை நெனச்சுக் கட்டினது. அதே வரிசையில ஹொக்கியன் சீனர்கள் கட்டின தியான் ஹொக் கெங், கடல் தெய்வம் மாசுவோட கோயில். அதையும் தாண்டினா அல்-அப்ரார் பள்ளிவாசல். கப்பல்ல வந்து இறங்கினவங்க அவங்கவங்க சாமிக்கு நன்றி சொன்ன இடம் அது. திருச்சி அம்மாவுக்கு இதைக் காட்டாம வேற எதைக் காட்டுவீங்க?

பழைய_பயணி
வரலாறு சரி. வயசானவங்களுக்கு அந்த வெயில்ல நடை ஒத்துக்காது. ஏர்போர்ட்ல இருந்து 36ஆம் நம்பர் பஸ் நகரத்துக்குள்ள ஆர்ச்சர்ட் வரைக்கும் போகுது. ரயில்ல போனா பாதி நேரம் சுரங்கச் சுவரைத்தான் பார்ப்பீங்க. ஊர் பாக்க வந்தவங்களுக்கு பஸ்தான். இதை நான் பல தடவை இங்க எழுதியாச்சு.

மலர்விழி_ஜொகூர்
அம்மாவைக் கூட்டிட்டுப் போறவங்களுக்கு ரயில்தான் நல்லது அங்கிள். ஸ்டேஷன்ல லிஃப்ட் இருக்கு, குளுகுளுன்னு இருக்கும். பஸ் நிறுத்தத்துல கை காட்டினாதான் நிக்கும், இறங்க மணி அடிக்கணும். புதுசா வந்தவங்க இந்தப் பதட்டத்துல இறங்கும்போது தட்ட மறந்துடுவாங்க. காசாக் கொடுத்தாலும் மீதி தர மாட்டாங்க.

பழைய_பயணி
நான் சொன்னது ஊர் பாக்கிறதைப் பத்தி. லிஃப்டைப் பத்தி இல்ல.

தேக்காவாசி
ரெண்டும் வேணும். குமரேசனுக்கு நாளைய வழி இதுதான். காலையில சீக்கிரமே லிட்டில் இந்தியா, வீரமாகாளியம்மன் கோயில். அங்க இருந்து ஊதா நிறப் பாதையில சைனாடவுன், மாறவே வேண்டாம். மாரியம்மன் கோயிலுக்கு 11 மணிக்குள்ள போயிடுங்க, நண்பகல்ல நடை சாத்தினா சாயங்காலம்தான் திறப்பாங்க. இதுலதான் நிறையப் பேர் ஏமாறுறாங்க. அதே தெருவுல ஜாமியா பள்ளிவாசல், புத்தர் பல் கோயில், எல்லாம் நாலெட்டுல. தெலுக் ஆயர் அங்க இருந்து நடக்கிற தூரம். அம்மாவுக்கு முடியலன்னா நீலப் பாதையில ஒரே ஸ்டேஷன்.

வெயில் தாழ்ந்ததும் சைனாடவுனுக்கே வந்து அதே ஊதாப் பாதையில கடைசி ஸ்டேஷன் ஹார்பர்ஃபிரண்ட். அங்க விவோசிட்டி மால் மூணாவது மாடியில சென்டோசா எக்ஸ்பிரஸ் ரயில், உள்ள போக தலைக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வர இலவசம். தீவுக்குள்ள அந்த ரயிலுக்குக் காசில்ல. 123ஆம் நம்பர் பஸ்ல போனா சாதாரண பஸ் கட்டணம்தான். நடக்க முடிஞ்சா கடல்மேல் நடைபாதை.

ரயில்லயும் ஸ்டேஷனுக்குள்ளயும் எதுவும் சாப்பிடக் கூடாது, 500 வெள்ளி வரைக்கும் அபராதம். தண்ணியும் குடிக்கக் கூடாது. அம்மாகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

திருச்சி_பாலா
நாகூர் தர்கா அங்க இருக்கிறது தெரியாது. நான் சொன்னதை விட்டுடுங்க, அவர் சொல்ற வழியிலயே போங்க ப்ரோ.

குமரேசன்_துபாய்
போன் 4% ஆனதும் தட்டினேன், திறந்துடுச்சு. அம்மாவுக்கு சீனியர் சிட்டிசன் கட்டணம் உண்டா? அஞ்சு வயசுப் பையன் கூட இருக்கான், அவனுக்கு?

மலர்விழி_ஜொகூர்
பையன் இருக்கான்னு இப்பதான் சொல்றீங்க! முதியோர் சலுகை உள்ளூர்வாசிகளுக்கு மட்டும், அம்மாவுக்குப் பெரியவங்க கட்டணம்தான். பையன் 0.9 மீட்டருக்குக் கீழ இருந்தா இலவசம். அதுக்கு மேல, ஏழு வயசுக்குக் கீழன்னா சிறுவர் சலுகை அட்டை வேணும். பாஸ்போர்ட்டோட டிக்கெட் அலுவலகத்துல கேளுங்க. அவன் உயரம் எவ்ளோ? ஏர்போர்ட்ல எப்படி உள்ள கூட்டிட்டு வந்தீங்க?

தேக்காவாசி
குமரேசன், உயரம் சொல்லுங்க. அதைப் பொறுத்துதான் காலையில முதல் வேலை எதுன்னு சொல்ல முடியும்.