மாணவி எழுதிய தொண்டு நிறுவனக் கட்டுரை: திருத்தத்தை எங்கே தொடங்குவது?

செம்பூர்வாசி
தாராவியில் மாலை வகுப்பு நடத்தும் ஒரு தொண்டு நிறுவனம் பற்றி மூன்றாம் ஆண்டு மாணவி ஒருத்தி தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் கட்டுரை எழுதி, தன் மணல்தொட்டியில் (பயனரின் சொந்த வரைவுப் பக்கம்) வைத்திருக்கிறாள். சுமார் 900 சொல். மேற்கோள் 11, அதில் 7 அந்த நிறுவனத்தின் இணையதளம், 3 நாளிதழ்ச் செய்தி, 1 யூடியூப். நடை முழுக்க வாழ்த்துமடல். சிவப்பு மையை எடுத்தால் ஒரு வரி மிஞ்சாது. பேச்சுப் பக்கத்தில் என்ன எழுதலாம்? இதற்கு உள்மதிப்பெண்ணும் உண்டு.

பிழைதிருத்தி
நடையை இப்போது தொடாதீங்க. ஒற்றுப்பிழையெல்லாம் திருத்தி முடித்த பிறகு "குறிப்பிடத்தக்கமை இல்லை", அதாவது தனிக்கட்டுரைக்குப் போதுமான சுதந்திரமான சான்று இல்லை என்று கட்டுரையே நீக்கப்பட்டால், அந்தப் பொண்ணு இனி விக்கி பக்கமே வர மாட்டாள்.

முதல் வேலை அந்த 3 செய்திகளையும் அருகருகே வைத்துப் படிப்பது. நிறுவனர் சொன்ன அதே வாக்கியம், அதே வரிசையில் மூன்றிலும் இருந்தால் அது நிறுவனம் அனுப்பிய பத்திரிகைக் குறிப்பு. மூன்று இதழில் வந்தாலும் சுதந்திரமான சான்று என்ற கணக்கில் அது பூஜ்யம். ஓரத்தில் பொடி எழுத்தில் "விளம்பரதாரர் பகுதி" என்று இருக்கிறதா என்றும் பாருங்க. நிருபர் நேரில் போய், பெற்றோரிடமோ நகராட்சிப் பள்ளி ஆசிரியரிடமோ கேட்டு எழுதியிருந்தால் அதுதான் சரக்கு. அப்படி இரண்டு மூன்று வேண்டும். சான்று தமிழில்தான் இருக்கணும்னு இல்லை. மும்பை அமைப்பைப் பற்றி மராத்தி நாளிதழ்களான லோக்சத்தாவிலும் மகாராஷ்டிரா டைம்ஸிலும் தேடாமல் விடுவது பெரிய இழப்பு. பெயரை மராத்தியில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து தேவநாகரியில் தட்டச்சு செய்து தேடச் சொல்லுங்க.

நிறுவனத்தின் தளமும் ஆண்டறிக்கையும் முழுக்க ஆகாது என்றில்லை. தொடங்கிய ஆண்டு, அலுவலகம் இருக்கும் இடம், தணிக்கை செய்த வரவு செலவு இவற்றுக்குப் போதும். "தாக்கம்" என்ற தலைப்புக்குப் போதாது.

தாராவி90அடி
நடைக்கு வரும்போது "விளம்பர நடை, மாற்று" என்று மட்டும் எழுதினால் மாணவிக்கு ஒன்றும் விளங்காது. ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துப் பிரித்துக் காட்டணும். இந்த வகைக் கட்டுரையில் இப்படி ஒன்று நிச்சயம் இருக்கும்:

"ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதியான தாராவியில், பல்லாயிரம் ஏழைக் குழந்தைகளின் வாழ்வில் ஒளியேற்றி வரும் ஒப்பற்ற அமைப்பு இது."

"மிகப்பெரிய" என்பது சர்ச்சைக்குரியது. கராச்சியின் ஒராங்கி நகரையும் அப்படித்தான் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரைக்கு அது தேவையும் இல்லை. "ஒளியேற்றி", "ஒப்பற்ற" இரண்டும் தீர்ப்பு. யார் தீர்ப்பு என்று கேளுங்க. "பல்லாயிரம்" எந்த ஆண்டு வரை? இங்கேதான் பெரும்பாலும் சறுக்கும். ஒரே பிள்ளை 5-ஆம் வகுப்பு முதல் 10 வரை வந்தால், ஆண்டுக்கணக்கைக் கூட்டும்போது ஆறு பயனாளி ஆகிவிடும். "இன்ன ஆண்டறிக்கையின்படி, அந்த ஆண்டில் இத்தனை பேர் சேர்ந்திருந்தனர்" என்று எழுதினால் ஆபத்தில்லை. "வருகின்றனர்" என்று முடித்தால் அடுத்த வருடமே பழசாகிவிடும்.

ஒரு பத்தியை மட்டும் இப்படிச் செய்து காட்டிவிட்டு மீதியை அவளிடமே விடுங்க. மொத்தமும் நீங்கள் திருத்தினால் யார் எதைத் திருத்தினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் கட்டுரை உங்களுடையதாகிவிடும். "டாக்டர் திரு. … அவர்கள்" என்ற அடைமொழியை எடுங்க, "நிறுவினார்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது.

கோப்புக்கட்டு
மூன்று விஷயம் விட்டுப்போச்சு.

அந்த நிறுவனத்தில் அவள் இன்டர்ன்ஷிப் செய்கிறாளா என்று கேளுங்க. செய்தால் அது நலமுரண் (எழுதும் பொருளோடு சொந்தத் தொடர்பு), பயனர் பக்கத்தில் சொல்லிவிட வேண்டும். உதவித்தொகை வாங்கினால் அதையும் வெளிப்படுத்துவது கட்டாயம். 2014 முதல் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதியிலேயே இருக்கிறது.

அடுத்து, ஆங்கிலத் தளத்தைத் தமிழாக்கியிருந்தால் அதுவும் பதிப்புரிமை மீறல்தான். மொழி மாறினால் தப்பிக்கலாம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். தளத்தின் "எங்களைப் பற்றி" பக்கத்தை வரைவின் பக்கத்தில் வைத்து, பத்தி வரிசை ஒத்துப்போகிறதா பாருங்க.

பதிவு விவரம். மகாராஷ்டிராவில் 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தில் பதிந்த தொண்டு அமைப்பு, 1950-ஆம் ஆண்டுப் பொது அறக்கட்டளைச் சட்டத்திலும் பதிய வேண்டும். அதனால் இரண்டு பதிவு எண், சில சமயம் இரண்டு தேதி. தொடங்கிய ஆண்டு என்று தளம் ஒன்றையும் செய்தி இன்னொன்றையும் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எது பணி தொடங்கிய ஆண்டு, எது பதிவான ஆண்டு என்று பிரித்து எழுதச் சொல்லுங்க. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப் பிரிவுகளில் 12ஏ நிறுவனத்தின் வருமானத்துக்கான விலக்கு, 80ஜி நன்கொடையாளருக்கான சலுகை, இரண்டையும் குழப்புவார்கள். அரசு அங்கீகரித்ததால் குறிப்பிடத்தக்கது என்ற வாதமும் செல்லாது. வங்கிக் கணக்கு எண், க்யூஆர் படம் இருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்லுங்க.

செம்பூர்வாசி
பார்த்தேன். மூன்றில் இரண்டு எழுத்துக்கு எழுத்து ஒன்று. இன்டர்ன்ஷிப் இல்லையாம். இனி சான்று கிடைக்காவிட்டால் மதிப்பெண் எப்படிப் போடுவது?

பிழைதிருத்தி
கட்டுரை நிலைத்ததா என்பதற்குப் போடாதீங்க. அது அவள் கையில் இல்லை. தேடிய சான்றுகளை அட்டவணையாக்கி, எது சுதந்திரமானது, எது இல்லை, ஏன் என்று எழுதட்டும், அதற்குப் போடுங்க. கிடைத்தது ஒரே நல்ல சான்று என்றால், தாராவி கட்டுரையில் கல்வி பற்றிய பகுதியில் இரண்டு வரி சேர்க்கலாம். தனிக்கட்டுரை மணல்தொட்டியிலேயே இருக்கட்டும்.

பேச்சுப் பக்கத்தில் முதல் கருத்து இவ்வளவு போதும் (கடைசி நான்கு அலைக்குறி உங்கள் கையொப்பமாக மாறும்):

"3, 5, 8-ஆம் மேற்கோள்களைத் திறந்து படித்தேன். 3-உம் 8-உம் ஒரே பத்திரிகைக் குறிப்பு. 5 நன்றாக இருக்கிறது, நிருபர் வகுப்புக்கே போயிருக்கிறார். இதுபோல் இன்னொன்று தேடு, மராத்தியிலும் பார். கிடைத்ததும் முன்னுரையைப் பற்றிப் பேசலாம். ~~~~"