78 வயது, அட்டோர்வாஸ்டாட்டின் 40, தொடைவலி: மாத்திரைதான் காரணமா?

செங்காந்தள்:
அப்பாவுக்கு 78 வயது, எடை 58 கிலோ. ஸ்டென்ட் வைத்து ஆறு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து ஸ்டாட்டின் வகைக் கொலஸ்ட்ரால் மாத்திரையான அட்டோர்வாஸ்டாட்டின் 40 மி.கி., ஒரு தொந்தரவும் இல்லை. இரண்டு மாதமாக இரண்டு தொடையிலும் வலி, நாற்காலியை விட்டு எழும்போது கையை ஊன்றுகிறார். தசை பாதித்தால் ரத்தத்தில் ஏறும் நொதியான சிகே 310 (லேபில் உச்ச வரம்பு 200), கிட்னி நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.4, கெட்ட கொலஸ்ட்ராலான எல்டிஎல் 62. மூன்று மாதத்துக்கு முன், ரத்த அழுத்தத்துக்கும் நெஞ்சுவலிக்கும் தரும் டில்டியாசெம் சேர்த்தார்கள். மற்றபடி ஆஸ்பிரின், எப்போதாவது ஆன்டாசிட் சிரப். "கொலஸ்ட்ரால் மாத்திரையை நிறுத்து, மறதிகூட அதனால்தான்" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். டாக்டரிடம் என்ன கேட்பது?

மாத்திரைப்பெட்டி:
ஆறு வருடம் ஒத்துக்கொண்ட மாத்திரை திடீரென்று முறைத்துக்கொண்டால், புதிதாக என்ன சேர்ந்தது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். டில்டியாசெம் இருக்கிறதே! அட்டோர்வாஸ்டாட்டினை உடைக்கும் சிஒய்பி3ஏ4 நொதியை அது மந்தப்படுத்தும். ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். வாயில் போடுவது 40, உடம்புக்குக் கிடைப்பது கிட்டத்தட்ட 60 போட்ட கணக்கு. வயதும் மெலிந்த உடம்பும் சேர்ந்தால் தசைக்குத் தாங்காது.

இன்னொரு ஸ்டாட்டினான சிம்வாஸ்டாட்டினாக இருந்தால் இன்னும் மோசம். டில்டியாசெமோடு 10 மி.கி., ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினோடு 20 மி.கி. தாண்டக் கூடாது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் எழுதினால் அந்த நாட்களுக்கு சிம்வாஸ்டாட்டினை நிறுத்திவைப்பார்கள். அதோடு அட்டோர்வாஸ்டாட்டின் என்றால் 20 மி.கி.தான் உச்சம். அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கில் இந்தச் சிக்கல் இல்லை. கௌட் என்ற மூட்டுவாதத்துக்குக் கோல்ச்சிசின் சாப்பிடுபவர்கள், குறிப்பாகக் கிட்னி தளர்ந்தவர்கள், கவனம்; ஸ்டாட்டினோடு சேர்ந்தால் தசை பாதிக்கலாம். "இயற்கை மருந்து" என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசி கேப்சூலையும் பட்டியலில் எழுதுங்கள். அதிலுள்ள மொனாகோலின் கே, லோவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினேதான்.

நாடிமானி:
டில்டியாசெம் சந்தேகம் நியாயமானது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடக் கூடாது. தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் பரிசோதனை பார்த்தீர்களா? தைராய்டு குறைந்தால் அதுவே தசைவலி தரும், சிகேயை ஏற்றும். வைட்டமின் டியும் பார்க்கலாம். தோளிலும் இடுப்பிலும் வலி, காலையில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் விறைப்பு என்றால் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற, முதியோருக்கு வரும் அழற்சி நோயை நினைக்க வேண்டும். அதற்கு அழற்சியைக் காட்டும் ஈஎஸ்ஆர், சிஆர்பி ரத்தப் பரிசோதனைகள். ஸ்டாட்டின் வலி பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல, தொடை, இடுப்பு, கெண்டைக்கால் போன்ற பெரிய தசைகளில் வரும். ஒரு பக்கம் மட்டும், அல்லது மூட்டில் மட்டும் என்றால் வேறு காரணம் தேடுங்கள்.

சிகே 310 என்பது வரம்பின் ஒன்றரை மடங்கு, பயப்படும் எண் இல்லை. நான்கு மடங்கு, அதாவது உங்கள் லேபில் 800 தாண்டினால் கதை வேறு. பத்து மடங்கானால் உடனே நிறுத்த வேண்டும். மறுபடி எடுக்கும்போது முந்தைய ஓரிரு நாள் கடும் உழைப்போ தசை ஊசியோ இருக்கக் கூடாது, இரண்டுமே எண்ணை ஏற்றிவிடும்.

செங்காந்தள்:
டிஎஸ்ஹெச் எடுக்கவில்லை, எடுத்துவிடுகிறேன். நிறுத்திப் பார்ப்பது என்றால் எத்தனை நாள்? ஸ்டென்ட் இருக்கிறதே?

நாடிமானி:
டாக்டர் சம்மதித்தால் 2 முதல் 4 வாரம். சமீபத்தில் மாரடைப்பு வந்தவருக்கு இது பொருந்தாது. பழைய ஸ்டென்ட், நிலையான உடல்நிலை என்றால் செய்வதுண்டு. ஆஸ்பிரினைத் தொடவே கூடாது, "இதய மாத்திரையை நிறுத்து" என்றதும் அதையும் சேர்த்து நிறுத்திவிடுகிற வீடுகள் உண்டு.

நிறுத்துவதற்கு ஒரு வாரம் முன்பே குறிப்பு தொடங்குங்கள். தினமும் ஒரே நேரத்தில் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண். வாரம் ஒருமுறை, கையை மார்பில் கட்டியபடி நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை விநாடி என்று குறியுங்கள். விழாமல் பிடிக்க ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். வலி அப்படியே இருந்தால் மாத்திரை காரணமில்லை, திரும்பத் தொடங்குவார்கள். குறைந்தால் அளவை இறக்கியோ மருந்தை மாற்றியோ தொடங்குவார்கள். திரும்பத் தொடங்கியதும் மறுபடி வலித்தால்தான் சந்தேகம் உறுதியாகும். அந்தப் பாதியைப் பலர் செய்வதே இல்லை.

எதிர்க்கேள்வி:
ஸ்டாட்டின் என்றதும் வலியை எதிர்பார்த்தே வலி வருவதும் உண்டு. 2022ல் லான்செட்டில் வந்த தொகுப்பாய்வில் தசைத் தொந்தரவு சொன்னவர்கள், ஸ்டாட்டின் பக்கம் 27.1%, போலி மாத்திரைப் பக்கம் 26.6%. அந்தச் சிறு வித்தியாசமும் முதல் வருடத்தில்தான். ஆகவே ஆறாவது வருட வலிக்கு "ஸ்டாட்டின்" என்று மொட்டையாகச் சொல்வது எனக்கு ஒப்பவில்லை.

மறதிக்கும் அதேதான். 70 முதல் 82 வயதுக்காரர்கள் 5,804 பேரை வைத்து 2002ல் வெளிவந்த ப்ராஸ்பர் ஆய்வில், பிராவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் 40 மி.கி. நினைவாற்றலைக் கெடுக்கவில்லை. பி12, தூக்க மாத்திரை, தூக்கம் வரவழைக்கும் பழைய ரக அலர்ஜி மாத்திரை, இவற்றை முதலில் தேடுங்கள். ஸ்டாட்டினால் சர்க்கரை சற்றே கூடுவது மட்டும் உண்மை, மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி பார்த்துக்கொள்ளலாம்.

மாத்திரைப்பெட்டி:
எதிர்க்கேள்வி சொல்வது சராசரிக்குச் சரி. இங்கே டில்டியாசெம் வந்து ரத்த அளவையே மாற்றிவிட்டதால் "பழைய மாத்திரை" என்ற வாதம் நிற்காது.

மாற்று என்ன என்று கேளுங்கள். ஸ்டாட்டினைப் பாதியாக்கினால் எல்டிஎல் குறைப்பில் இழப்பது சுமார் 6 சதவீதப் புள்ளிதான். ஸ்டாட்டின் அல்லாத கொலஸ்ட்ரால் மாத்திரையான எசெட்டிமைப் 10 மி.கி. சேர்த்தால் அதைவிட அதிகம் ஈடாகும். இன்னொரு வழி ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.; அது டில்டியாசெமோடு மோதாது. ஆனால் கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்ற கணக்கு, (140-வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்): (140-78) × 58 ÷ (72 × 1.4) = சுமார் 36. 30க்குக் கீழே போனால் ரோசுவாஸ்டாட்டின் 10 மி.கி. தாண்டக் கூடாது, உங்கள் அப்பா விளிம்பில் இருக்கிறார். ஆன்டாசிட்டை ரோசுவாஸ்டாட்டின் போட்டு 2 மணி நேரம் கழித்தே கொடுங்கள், சேர்த்தால் மருந்து ஏறத்தாழ பாதிதான் ஏறும். எதை மாற்றினாலும் 4 முதல் 12 வாரத்தில் எல்டிஎல் பார்க்க வேண்டும்.

நாடிமானி:
ஒன்று விட்டுப்போயிற்று. சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனாலோ, படியேற முடியாத அளவு தளர்ந்தாலோ அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஸ்டாட்டினை நிறுத்தி அவசரப் பிரிவுக்குப் போய் சிகே, கிரியேட்டினின், பொட்டாசியம் மூன்றையும் எடுக்கச் சொல்லுங்கள்.