பணிச் செறிவூட்டலா, பணி வளமாக்கமா?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

ஊழியருக்குத் தம் வேலையின்மீது கூடுதல் உரிமையும் பொறுப்பும் தரும் ‘ஜாப் என்ரிச்மென்ட்’ என்ற மேலாண்மைக் கருத்துக்குப் ‘பணிச் செறிவூட்டல்’ என்ற சொல் முன்மொழியப்பட்டுள்ளது. யுரேனியத்துக்கும் நியாயவிலைக் கடை அரிசிக்கும் செறிவூட்டல் பொருந்தும். பணிக்குப் பொருந்தாது என்பது என் கருத்து. செறிவு என்றால் அடர்த்தி. எட்டு மணி நேரத்துக்குள் முன்பைவிடக் கூடுதலான வேலையைத் திணிக்கப் போகிறார்கள் என்றே ஒரு தொழிலாளி இதைப் புரிந்துகொள்வார். நிர்வாகம் அந்தப் பொருளில் பயன்படுத்திக்கொள்ளவும் இடமுண்டு.

கோட்பாடு சொல்வது அதுவன்று. 1968இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய அமெரிக்க உளவியலாளர் பிரடெரிக் ஹெர்ஸ்பெர்க், பொருளற்ற ஒரு வேலையோடு இன்னொரு பொருளற்ற வேலையைச் சேர்ப்பது சுழியத்தோடு சுழியத்தைக் கூட்டுவது போன்றது என்று கேலி செய்தார். ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் ஊழியர்களிடம் நடந்த சோதனையை அக்கட்டுரை விவரிக்கிறது. அதுவரை அவர்கள் எழுதிய ஒவ்வொரு கடிதத்தையும் மேற்பார்வையாளர் சரிபார்த்து வந்தார். சோதனையில், அனுபவம் மிக்க ஊழியர்களின் கடிதங்களுக்குச் சரிபார்ப்பு 100 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஊழியர்கள் தங்கள் பெயரிலேயே கையொப்பமிட்டார்கள். அச்சடித்த வாசகத்தைத் திருப்பி அனுப்பாமல், கேட்டவருக்கேற்பப் பதில் எழுத ஊக்குவிக்கப்பட்டார்கள். இங்கே கூடியது வேலையின் அளவன்று, அதன்மீது ஊழியருக்கு இருந்த உரிமையும் பொறுப்பும்.

‘பணி ஆழமாக்கல்’ என்று வைக்கலாமே என்ற கருத்தையும் கவனமாகப் பார்த்தேன். பணி விரிவாக்கம் (ஒரே மட்டத்து வேலைகளை மேலும் சேர்ப்பது) அகலத்தைக் கூட்டுவது, இது ஆழத்தைக் கூட்டுவது என்று மேலாண்மைப் பாடநூல்களும் பிரித்துக் காட்டுவதால் அது தருக்கத்துக்கு ஒத்ததே. எனினும் 1976இல் ஆய்வாளர்கள் ஹாக்மனும் ஓல்டமும் பணியின் ஐந்து இயல்புகளாகத் திறன் பன்மை, பணி முழுமை, பணியின் முக்கியத்துவம், தன்னாட்சி, பின்னூட்டம் ஆகியவற்றை முன்வைத்தபோது, ஆழம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காதவையும் உள்ளே வந்துவிட்டன. மேலும், ‘ஜாப் டெப்த்’ (தன் வேலையை எப்படிச் செய்வது என்பதில் ஊழியருக்குள்ள அதிகாரம்) என்ற தனிக் கருத்துக்குப் ‘பணி ஆழம்’ நமக்குத் தேவைப்படும்; அதை இங்கே செலவழித்துவிடக் கூடாது.

ஆகவே ‘பணி வளமாக்கம்’ என்பதை முன்மொழிகிறேன். ‘வளமாக்கல்’ என்பதிலும் பிழையில்லை. ஆயினும் ‘பணி விரிவாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், அதனோடு இணையாக ஒலிக்கும் வடிவம் மாணவர் நினைவில் எளிதில் நிற்கும். ‘பணியை வளமாக்கினார்கள்’, ‘வளமாக்கப்பட்ட பணி’ என்று வினையாகவும் பெயரெச்சமாகவும் தடையின்றி வளைகிறது. ‘பணி’ என்ற சொல்லுக்குள்ளேயே பணிதல் இருக்கிறதே, தன்னாட்சியைப் பேசும் கோட்பாட்டுக்கு அது முரணாகாதா என்று ஒருவர் குறும்பாகக் கேட்கலாம். பணி மூப்பு, பணி ஓய்வு, பணி நியமனம் என்று அலுவலகத் தமிழ் முழுவதும் அச்சொல் வேரூன்றிய பிறகு அதைத் தோண்டுவது வீண்வேலை.

துணைச்சொற்களில்தான் வேறுபாட்டைக் கூர்மையாக்க வேண்டும். ஹெர்ஸ்பெர்க் இருவகை ஏற்றங்களைப் பிரிக்கிறார். ஒரே மட்டத்தில் வேலைகளை அடுக்குவதைக் ‘கிடைமட்டச் சுமையேற்றம்’ என்றும், மேலாளரிடமிருந்த முடிவெடுக்கும் உரிமையை ஊழியரிடம் ஒப்படைப்பதைச் ‘செங்குத்துப் பொறுப்பேற்றம்’ என்றும் சொல்லலாம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் பொதுவாக ‘லோடிங்’ என்ற ஒரே சொல் இருப்பதால் தமிழிலும் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. முன்னதில் சுமையும் பின்னதில் பொறுப்பும் இருப்பது வேண்டுமென்றே செய்தது. மறுப்பிருப்பின் அந்த இடத்திலிருந்தே விவாதத்தைத் தொடரலாம்.